பிள்ளைக்கு டியூஷன் எவ்வளவு வேண்டும் என்பதை முடிவு செய்வது எப்படி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் குமரி மாவட்டத்துப் பெற்றோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, பிள்ளையை எங்கே டியூஷனுக்கு விட்டிருக்கிறீர்கள் என்பதுதான். டியூஷன் தேவையா, எந்தப் பாடத்துக்கு, வாரத்தில் எத்தனை நாள் என்ற கேள்விகள் அதற்கு முன்னால் வர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அவை வருவதே இல்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற தகப்பனும், கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்பாத மீனவரும், வளைகுடாவிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறவரும் பிள்ளையின் படிப்பு என்று வந்துவிட்டால் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தப் பணமும், அதைவிடப் பெரிதான பிள்ளையின் மாலை நேரமும் வீணாகாமலிருக்க, டியூஷனின் அளவைப் பக்கத்து வீட்டைப் பார்த்துத் தீர்மானிக்காமல், பிள்ளையின் விடைத்தாளையும் கடிகாரத்தையும் வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.

விடைத்தாளிலிருந்து தொடங்குங்கள்

கடைசியாக நடந்த இரண்டு அல்லது மூன்று தேர்வுகளின் திருத்திய விடைத்தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். காலாண்டுத் தேர்வுத் தாள்கள் விடுமுறை முடிந்ததும் வகுப்பில் தரப்படும். அதற்குமுன் இடைப்பருவத் தேர்வுத் தாள்கள் இருக்கும். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாமல், மதிப்பெண் போன ஒவ்வோர் இடத்திலும் அது ஏன் போனது என்று பிள்ளையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலால் குறியுங்கள். பாடமே புரியாமல் விட்டதா, புரிந்திருந்தும் கவனக்குறைவால் தவறியதா, நேரம் போதாமல் எழுதாமல் விட்டதா, கேள்வியின் மொழியே விளங்கவில்லையா என்று பார்த்தாலே போதும். இவற்றுள் முதலாவதற்கு மட்டுமே டியூஷன் நேரடியான மருந்து.

ஒரு விடைத்தாளை நெருங்கிப் பார்ப்போம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் கணிதத்தில் நூற்றுக்கு 38 வாங்கியிருக்கிறான். இயற்கணிதக் கணக்கில் முதல் மூன்று வரிகள் சரியாக இருக்கின்றன. நான்காவது வரியில் −7 + 4 என்பதற்கு −11 என்று எழுதியிருக்கிறான். இரண்டு பக்கம் தள்ளி, அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று விடை தந்திருக்கிறான். தாள் முழுவதும் இந்த இரண்டு பிழைகளும் வெவ்வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. முழுக்களின் கூட்டல் ஏழாம் வகுப்புப் பாடம், பின்னங்கள் ஆறாம் வகுப்புப் பாடம். இந்த மாணவனை வாரத்தில் ஐந்து நாள் ஒன்பதாம் வகுப்புப் பாடம் ஓட்டுகிற டியூஷனில் சேர்த்தால், சார் கரும்பலகையில் போடும்போது எல்லாம் விளங்கியதுபோல் இருக்கும். தனியாகப் போடும்போது அதே நான்காவது வரியில் மறுபடியும் விழுவான். அவனுக்கு வேண்டியது ஆறாம், ஏழாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களும், மூன்று நான்கு வாரங்களுக்குத் தினமும் அரை மணி நேரமும், பொறுமையான ஓர் ஆளும்தான். அந்த ஆள் பக்கத்து வீட்டில் கல்லூரிக்குப் போகும் ஓர் அக்காவாக இருந்தால்கூடப் போதும்.

கவனக்குறைவால் மதிப்பெண் போகிறதென்றால் வேறு வழி. பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மதிப்பெண்கள் இருக்கின்றன. 14 ஒரு மதிப்பெண் வினாக்களும் உண்டு. வாரத்துக்கு இரண்டு படங்கள், ஒரு வரைபடம் என்று வீட்டில் அளவுகோலும் காம்பஸும் வைத்து வரைந்து பழகினாலும், புத்தகத்தில் ஒவ்வோர் இயலின் முடிவிலும் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாலும் கிடைக்கக்கூடிய மதிப்பெண்கள் இவை. இதற்கென்று மாதாமாதம் பணம் கட்ட வேண்டியதில்லை. நேரம் போதாத பிள்ளைக்கும் அப்படித்தான்: சனிக்கிழமை காலையில் பழைய வினாத்தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, இடையில் எழுந்து போகாமல் முழுத் தேர்வும் எழுத வைப்பதை எந்த டியூஷனாலும் ஈடு செய்ய முடியாது.

மொழியால் வரும் தடங்கல் எளிதில் கண்ணில் படாது. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆறாம் வகுப்பிலோ பதினோராம் வகுப்பிலோ ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைகள் அறிவியலில் திடீரென்று சறுக்குவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். தாளில் விட்ட கேள்வியை நீங்கள் தமிழில் வாய்மொழியாகக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை சரியாகப் பதில் சொன்னால் அறிவியல் டியூஷன் தேவையில்லை; அந்தப் பாடத்தில் வரும் ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு ஒரு நோட்டில் எழுதிப் பழகுவதும், தினமும் ஒரு பக்கம் வாய்விட்டு வாசிப்பதும்தான் தேவை. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வீட்டில் மலையாளம் பேசி வளரும் பிள்ளைகளுக்கு இதே தடங்கல் தமிழ்ப் பாடத்தில் வரும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடமாக இருப்பதால் அதைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. அங்கே தமிழுக்கென்று வாரத்தில் இரண்டு நாள் ஆள் வைப்பது மிக நியாயமான செலவு.

டியூஷன் தீர்க்காத காரணங்கள்

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை எல்லாப் பாடத்திலும் ஒருசேரக் கீழே இறங்கினால், அது பாடத்தின் கடினத்தால் வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளைகள் அதை வீட்டில் சொல்வதில்லை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்திலுள்ள கண் மருத்துவரிடமோ ஒரு காலை நேரம் செலவழித்தால் விவரம் தெரிந்துவிடும். வாய்மொழியாக நன்றாகப் பதில் சொல்லும் பிள்ளை எழுத்தை மாற்றிப் போட்டுக்கொண்டும், வரியைத் தவறவிட்டு வாசித்துக்கொண்டும் இருந்தால், கற்றல் குறைபாடு உண்டா என்று மருத்துவரிடம் காட்டிச் சான்று பெறுவது அவசரமான காரியம். அத்தகைய மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. தேர்வுக்கு முந்தின வாரம் அதற்காக ஓடுவதைவிட, ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசி வைப்பது நல்லது.

அடுத்ததாக, வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். பெற்றோர் கூட்டத்தின் நெரிசலில் வேண்டாம். வேறொரு நாள், அந்த விடைத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளை எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் பின்தங்குகிறது என்று கேளுங்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பல பள்ளிகள் காலையிலோ மாலையிலோ சிறப்பு வகுப்பு வைக்கின்றன. அது எந்தெந்தப் பாடத்துக்கு என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியில் ஒரு முறை, சிறப்பு வகுப்பில் மறுமுறை என்று நடத்திய அதே பாடத்தை டியூஷனில் மூன்றாவது முறை கேட்கிற பிள்ளை, அதை ஒரு முறையாவது தானே எழுதிப் பார்த்ததா என்பதுதான் விசாரிக்க வேண்டிய சங்கதி. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று சொல்கிறது. ஆகவே தன்னிடமே டியூஷன் வரும்படி எந்த ஆசிரியர் சொன்னாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டிய அவசியம் பெற்றோருக்கு இல்லை.

நேரக் கணக்கு

டியூஷன் தேவைதான் என்று தெரிந்த பிறகு அதன் அளவைத் தீர்மானிப்பது பிள்ளையிடம் மிஞ்சியிருக்கும் நேரம். ஒரு தாளில் எழுதியே பாருங்கள். காலை 7.30க்குப் பள்ளிப் பேருந்தில் ஏறி மாலை 5 மணிக்கு வீடு திரும்பும் ஒரு பிள்ளைக்குப் பள்ளியும் பயணமும் ஒன்பதரை மணி நேரம். 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை; இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை என்று குறைந்தபட்ச அளவையே வைத்துக்கொள்வோம். காலையில் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம். மாலையில் காபி, குளியல், சாப்பாடு, கொஞ்சம் விளையாட்டு, வீட்டாரோடு பேச்சு எல்லாவற்றுக்குமாக இரண்டு மணி நேரம். மிச்சம் மூன்று மணி நேரம்தான். ஒன்றரை மணி நேர டியூஷனும் போக வர அரை மணி நேரமும் ஆனால், தானாகப் படிக்க ஒரு மணி நேரம் நிற்கும். பள்ளியில் தந்த வீட்டுப்பாடம் அதையும் விழுங்கிவிடும். ஒரே மாலையில் கணிதத்துக்கு ஓரிடம், அறிவியலுக்கு வேறோர் இடம் என்று போகிற பிள்ளைக்கு ஒன்றுமே மிஞ்சாது. அந்த ஒன்றுமில்லாமையைத்தான் பெற்றோர் பிள்ளையின் சோம்பலென்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு வாரத்தில் டியூஷனில் செலவாகும் நேரம், பிள்ளை தனியாக உட்கார்ந்து படிக்கும் நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதை நான் உறுதியான வரம்பாகவே வைப்பேன். பத்தாம் வகுப்பு வரை பயணத்தையும் சேர்த்து வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் அந்த வரம்பு உடைந்துவிடும். பாடம் மனத்தில் நிற்பது கேட்கும்போதல்ல, நோட்டை மூடிவைத்துவிட்டு வெறுந்தாளில் எழுதிப் பார்க்கும்போது. ஒரு கணக்கில் பத்து நிமிடம் மல்லுக்கட்டுவதற்கு நேரமே இல்லாத பிள்ளை, மல்லுக்கட்டாமலே விடை கிடைக்கும் என்ற பழக்கத்துக்கு வந்துவிடுகிறது.

தூரத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் குலசேகரம், அருமனை பக்கத்து மலையோரச் சாலைகளில் இரவு எட்டரை மணிக்குப் பிள்ளை சைக்கிளில் திரும்புவது பெற்றோருக்குத் தினசரிப் பதற்றம். பெயர்பெற்ற டியூஷன் சென்டர் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ இருக்கலாம். நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சுமாரான ஆசிரியர், வாரத்தில் மிச்சப்படும் மூன்று மணி நேரத்தையும் சேர்த்துத் தருகிறார் என்பதை மறக்க வேண்டாம். கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், மாசியில் மண்டைக்காடு கொடை என்று நவம்பர் இறுதிக்குப் பிறகு ஊர் முழுக்கத் திருவிழாவாக இருக்கும். அந்த நாட்களைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கவும் கூடாது. எனவே அடிப்படையைச் சரிசெய்யும் டியூஷனை ஜூன் முதல் செப்டம்பருக்குள் முடித்துவிடும்படி திட்டமிடுங்கள். அரையாண்டுத் தேர்வில் தோற்ற பிறகு ஜனவரியில் தொடங்கும் டியூஷன், மனப்பாடம் செய்வதற்கு மட்டுமே உதவும்.

வகுப்புக்கு ஏற்ற அளவு

ஐந்தாம் வகுப்பு வரை பாடத்துக்கென்று டியூஷன் வேண்டாம். தமிழில் தட்டாமல் வாசிப்பது, சொல்வதைப் பிழையில்லாமல் எழுதுவது, வாய்ப்பாடு, நான்கு செய்கைகள் ஆகியவை வீட்டிலேயே தினமும் இருபது நிமிடத்தில் முடிகிற காரியங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் பிள்ளை வாசிப்பதைக் கேட்க முடியும். ஆறு முதல் எட்டு வரை, விடைத்தாள் காட்டிய ஒரு பாடத்துக்கு மட்டும் வாரத்தில் இரண்டு நாள் போதும். ஒன்பதாம் வகுப்பைத்தான் பலர் பொதுத்தேர்வு இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். என் மதிப்பீட்டில் டியூஷனுக்குச் செலவிடும் பணத்துக்கு அதிகப் பலன் கிடைக்கிற ஆண்டு அதுதான். கணிதத்திலோ ஆங்கிலத்திலோ ஓட்டை இருந்தால் அடைப்பதற்கு அப்போது நேரம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடத்துக்கும் டியூஷன் போகிற பிள்ளைகள் ஏராளம். சமூக அறிவியலும் தமிழும் பெரும்பாலும் வாசித்து, எழுதி, யாராவது கேள்வி கேட்டுத் தேறக்கூடிய பாடங்கள். அதிகபட்சம் இரண்டு பாடம், வாரத்தில் மூன்று நாள் என்று நிறுத்துங்கள்.

மேல்நிலை வகுப்புகளில் கணக்கு மாறுகிறது. பிள்ளை எங்கே சேர விரும்புகிறது என்பதைப் பொறுத்தே அளவு அமைய வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணித மதிப்பெண் நூற்றுக்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்குமாகக் கணக்கிட்டு 200க்குத் தரவரிசை போடுகிறார்கள். ஒரே ஒரு பாடத்துக்குத்தான் பணமும் நேரமும் இருக்கிறதென்றால் அது கணிதமாக இருப்பதே பொருத்தம். மருத்துவப் படிப்பில் சேர்வதற்கான நீட் நுழைவுத் தேர்வில் 180 வினாக்களில் 90 உயிரியல், 45 இயற்பியல், 45 வேதியியல். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கப்படும். இதற்குத் தனிப்பயிற்சி தேவைப்படலாம், ஆனால் அது பள்ளி டியூஷனுக்கு மேல் இன்னொரு சுமையாக வராமல் அதற்குப் பதிலாக வர வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே நீட் பயிற்சி என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். 16 வயதுக்கு உட்பட்டவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் இல்லை. அதனால் அந்த ஆண்டுப் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடும் டியூஷனில் சேர்க்காதீர்கள். நீட்டும், ஐஐடி போன்ற ஒன்றிய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வும் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன.

ஆறு வாரம் சோதித்துப் பாருங்கள்

சேர்க்கும் அன்றே டியூஷன் ஆசிரியரிடம் பிள்ளையின் விடைத்தாளைக் காட்டி, எது குறை, எத்தனை வாரத்தில் அது சரியாகும் என்று கேளுங்கள். தாளைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கிற ஆசிரியரை நம்பலாம். தாளைப் பார்க்காமலே எல்லாப் பாடமும் பார்த்துக்கொள்கிறோம், வருடம் முழுவதும் விடுங்கள் என்று சொல்லும் இடத்தில் யோசியுங்கள். ஒரே கூடத்தில் பல வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து வீட்டுப்பாடம் முடிக்க வைப்பதும் பயனுள்ள பணிதான். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய் இரவு திரும்பும் வீட்டுக்கு அது பெரிய உதவி. ஆனால் அது மேற்பார்வை என்று தெரிந்தே அதற்கு உரிய கட்டணத்தைக் கொடுங்கள். கணிதத்தின் ஓட்டை அங்கே அடையும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டணத்தையும் மாதக் கணக்கில் பார்க்காமல் ஆண்டுக் கணக்கில் பாருங்கள்: மாதம் 1,200 ரூபாய் என்பது பத்து மாதத்தில் 12,000 ரூபாய்.

ஆறு வாரம் முடிந்ததும் மதிப்பெண்ணுக்காகக் காத்திராமல் வீட்டிலேயே சோதித்துவிடலாம். டியூஷன் நோட்டைத் திறந்து ஒரு கணக்கைக் காட்டி, “மக்களே, இத எனக்குச் சொல்லித்தா” என்று கேளுங்கள். “சார் போட்டுத் தந்தாரும்மா, நோட்டுல இருக்கு” என்று பதில் வந்தால், நோட்டை மூடிவைத்து அதே கணக்கில் எண்களை மட்டும் மாற்றிக் கொடுங்கள். பிள்ளை திணறியாவது பாதி தூரம் போனால் டியூஷன் வேலை செய்கிறது. முதல் வரியிலேயே நின்றுவிட்டால், அழகான கையெழுத்தில் நிறைந்திருக்கும் அந்த நோட்டு வெறும் நகல். ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள். மாறாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். வாரத்துக்கு மேலும் இரண்டு நாள் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது.

பலன் தெரியத் தொடங்கியதும் அளவைக் குறைக்க வேண்டும். பெரும்பாலான பெற்றோர் தவறுவது இங்கேதான்: மதிப்பெண் ஏறிவிட்டால், நிறுத்தினால் இறங்கிவிடுமோ என்ற பயத்தில் அப்படியே தொடர்கிறார்கள். மூன்று நாளை இரண்டாக்கி ஒரு மாதம் பாருங்கள், பிறகு ஒரு நாளாக்குங்கள். அந்த ஒரு நாளில் புதிய பாடம் நடத்தச் சொல்லாமல், பிள்ளை வாரம் முழுவதும் தானாகப் படித்துச் சேர்த்துவைத்த சந்தேகங்களை மட்டும் தீர்த்துத் தரும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகங்களை எழுதிக்கொள்ளத் தனியாக ஒரு சிறு நோட்டு போடுங்கள். இரண்டு மூன்று வாரம் அந்த நோட்டில் எழுதுவதற்கு ஒன்றுமில்லாமல், தேர்வு மதிப்பெண்ணும் இறங்காமல் இருந்தால் முழுமையாக நிறுத்தலாம். நிறுத்துவதை மாத இறுதிக்கு முன்பே ஆசிரியரிடம் நேரில் சொல்லி, பாக்கி இருந்தால் கொடுத்து, பொதுத்தேர்வுக்கு முந்தைய திருப்புதல் தேர்வுகளின்போது ஏதாவது இடத்தில் சிக்கினால் ஓரிரு நாள் மட்டும் வந்து கேட்டுக்கொள்ளலாமா என்று அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.